மி என்றால் யார்?

அர்ச்சனைச் சீட்டில் என் பெயர் மீனாட்சி. ஐசியில் மிஷல். 28 வருடமாக இப்படித்தான். எங்கள் வீட்டில் யாருக்கும் இது விநோதமாகப் பட்டதில்லை.

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு “பேரு, நட்சத்திரம்?” என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொள்வார். “மீனாட்சி, மகம், சிம்மம்.” எனக்கு 14 வயது இருக்கும்போது ஒருமுறை நான் முந்திக்கொண்டு “மிஷல்” என்றேன். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். “கோயில் பேரு சொல்லும்மா” என்றார். அம்மா என்னை முறைத்துவிட்டு மீனாட்சியைச் சொன்னார். அப்படியென்றால் சாமிக்கு நான் யார் என்றே தெரியாதா என்று வீடு வரும்வரை முனகிக்கொண்டு வந்தேன்.

என் பெயரை முதல்தடவை கேட்பவர்கள் மூன்று வகை. முதல் வகை, “ஓ, நீங்க கிறிஸ்டியனா?” என்பார்கள். இல்லை என்றால் கொஞ்சம் ஏமாற்றம் தெரியும். இரண்டாவது வகை, பெயரை மட்டும் பார்த்து என்னைச் சீனப்பெண் என்று முடிவு செய்து வைத்திருப்பவர்கள். ஒரு நேர்முகத் தேர்வில் வரவேற்பறைப் பெண் என் பெயரைக் கூப்பிட்டாள். நான் எழுந்து நின்ற பிறகும் எனக்குப் பின்னால் யாரையோ தேடினாள். மூன்றாவது வகை நம்மவர்கள். “தமிழ்ல பேரே கெடைக்கலையா உங்க அப்பாவுக்கு?”

முதல் இரண்டுக்கும் சிரித்துவிடுவேன். மூன்றாவதுதான் வலிக்கும். காரணம், எனக்கும் அதே கேள்வி இருந்தது.

தமிழ்ப்பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு ‘ஷ’ பிடிக்காது. வடவெழுத்து என்பார். வருகைப் பதிவேட்டில் என்னை ‘மிச்செல்வி’ ஆக்கினார். கொஞ்ச நாள் அது எனக்குப் பிடித்தே இருந்தது. செல்வி என்றால் தமிழ், முன்னால் ஒரு ‘மிச்’ ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதானே. பசங்கள் அதை ‘மிச்சம்’ என்று சுருக்கினார்கள். சாப்பாட்டு நேரத்தில் “மிச்சம் இருக்கா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். அதோடு மிச்செல்வி முடிந்தாள்.

பெயரைவிடப் பெரிய தொல்லை அதன் எழுத்துக்கூட்டு. உலகம் முழுக்க இந்தப் பெயரில் நடுவில் ‘சி எச்’ வரும், கடைசியில் ‘எல்எல்இ’ வரும். என் ஐசியில் நடுவில் ‘எஸ் எச்’, கடைசியில் ஒரே ஓர் ‘எல்’. எம், ஐ, எஸ், எச், இ, எல். பல்கலைக்கழகப் பதிவு, வங்கி, விமான டிக்கெட் எல்லா இடத்திலும் யாராவது ஒருவர் எனக்கு உதவி செய்வதாக நினைத்துத் திருத்திவிடுவார். நான் போய்த் திருத்தத்தைத் திருத்த வேண்டும். கேட்பவர்களிடம் “எண்கணிதம் பார்த்து வச்சது” என்று சொல்லிப் பழகியிருந்தேன். நம் ஆட்களிடம் அதற்கு மேல் கேள்வி வராது. உண்மையில் அப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான் என்று உள்ளுக்குள் ஒரு வெட்கம்.

நிபோங் திபாலில் உள்ள யுஎஸ்எம் பொறியியல் வளாகத்தில் படித்தபோது, ஓர் இரவு ஹாஸ்டலில் தூக்கம் வராமல் என் பெயரைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சர்க்யூட்டில் கோளாறு என்றால் மூலத்திலிருந்து ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துக்கொண்டு வருவோம் இல்லையா, அப்படி.

மிஷெல் என்ற பெண்பெயர் பிரெஞ்சுக்காரர்கள் செய்தது. அவர்களிடம் முதலில் இருந்தது மிஷெல் என்ற ஆண்பெயர்தான். உச்சரிப்பில் இரண்டும் ஒன்றே. எழுதும்போது பெண்ணுக்கு ஒரு வால் சேரும். அந்த ஆண்பெயர் லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனுக்குக் கிரேக்கம், கிரேக்கத்துக்கு எபிரேயம். அங்கே அது பெயரே இல்லை, ஒரு முழு வாக்கியம். மி, கா, ஏல். ‘மி’ என்றால் யார். ‘கா’ என்றால் போல. ‘ஏல்’ என்றால் இறைவன். இறைவனைப் போல யார்? யாரும் இல்லை என்பதைத்தான் கேள்வியாகக் கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு உடனே ஒப்பிலியப்பன் ஞாபகம் வந்தது. கும்பகோணம் பக்கம் கோயில் கொண்டிருக்கும் பெருமாள். ஒப்பு இல்லாத அப்பன். வள்ளுவரும் முதல் அதிகாரத்திலேயே கடவுளுக்கு இணை இல்லை என்கிறார். அவர்கள் கேள்வியாக வைத்ததை நாம் பதிலாக வைத்திருக்கிறோம். அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பெருமை வேறு, சொந்தம் வேறு.

இன்னொன்றும் தெரிந்தது. இந்தப் பெயர் தமிழுக்குப் புதிதே இல்லை. தமிழ்க் கத்தோலிக்கர்களிடம் அது எப்போதோ ‘மிக்கேல்’ ஆகிவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் மிக்கேல்பட்டி என்று ஓர் ஊரே இருக்கிறது. பெண்பிள்ளை என்றால் மிக்கேலம்மாள். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வாலை ஒட்டிப் பெண்பெயர் செய்தார்கள், நம்மவர்கள் ‘அம்மாள்’ போட்டுச் செய்தார்கள். லத்தீன் வழியாக வந்த பெயரில் ‘க’ அப்படியே இருக்கிறது. பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்ததில் அது ‘ஷ’ ஆகிவிட்டது. வகுப்புத்தோழி ஒருத்தி பாகான் செராய்க்காரி, கத்தோலிக்கக் குடும்பம். அவளிடம் சொன்னபோது, “அடிப்பாவி, எங்க கொள்ளுப்பாட்டி பேருதான் உன் பேரா?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்படியென்றால் எங்கள் வீட்டுக்குள் இது எப்படி வந்தது? நாங்கள் மாரியம்மன் கோயில் ஆட்கள். பினாங்கில் பிரெஞ்சு வாடைக்குப் பஞ்சமில்லை. பாரிஸ் மறைபரப்புச் சபையின் குருத்துவக் கல்லூரி 1808இல் இங்கே வந்தது. பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் 1852இல் லைட் ஸ்த்ரீட் கான்வென்டைத் தொடங்கினார்கள். புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் தேவாலயத்தை எழுப்பியவர்களும் பிரெஞ்சுப் பாதிரியார்களே. ஜூலைத் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற இந்துக்களும் போவார்கள், நாங்களும் போயிருக்கிறோம். பாட்டியோ அம்மாவோ அங்கே ஏதும் வேண்டிக்கொண்டு வைத்த பெயராக இருக்கும் என்று எனக்கு நானே ஒரு முடிவு கட்டிவைத்தேன். பொறியியல் மாணவி செய்யக்கூடாத வேலை. அளக்காமல் முடிவு எழுதினேன்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு பெயர் தேய்ந்து பழகிவிட்டது. 2023 மார்ச்சில் ஈப்போக்காரர் மிஷெல் இயோ ஆஸ்கார் வாங்கினார். தொழிற்சாலையில் எனக்கும் சேர்த்துக் கைகொடுத்தார்கள். அவருக்கே வீட்டில் வைத்த பெயர் இயோ சூ கெங். ஹாங்காங்கில் நடிக்கத் தொடங்கியபோது வெளிநாட்டில் எடுபடும் என்று அவரை ‘மிஷெல் கான்’ ஆக்கினார்கள். பிறகு அவர் இயோவைத் திரும்ப எடுத்துக்கொண்டார், மிஷெலை விடவில்லை. அன்றைக்கு மதியம் கேன்டீனில் மூத்த தமிழ் அண்ணன் ஒருவர் கேட்டார். “அது அவங்க தொழிலுக்கு வச்ச பேரு. உனக்கு எதுக்குமா?” சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அன்றைய சோறு இறங்கவில்லை.

அன்றிரவே முடிவு செய்தேன், பெயரை மாற்றிவிடுவது. மீனாட்சி இருக்கவே இருக்கிறாள், சாமிக்கே தெரிந்தவள். தேசியப் பதிவிலாகாவில் என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்தேன். சத்தியப் பிரமாணம், பிறப்புப் பத்திரம், பாரம். பிறப்புப் பத்திரம் அம்மாவின் பிஸ்கட் டின்னில் இருந்தது.

“எதுக்குடி இப்ப பொறந்த பத்திரம்?”

சொன்னேன். அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதைப் பார்த்தேன். ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் வச்சது மீனாட்சிதான். உங்க பாட்டி ஒத்துக்கல. போய் அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிடு.”

பாட்டியா? எனக்கு விளங்கவில்லை. அப்பாவின் அம்மா. வீட்டிலேயே என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர் அவர் ஒருவர்தான். ‘மிச்சலு’ என்பார். இந்த ஊரையே ‘பட்டருவத்து’ என்பவர். ஆங்கிலப் பெயர் அப்பாவின் ஆசை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பாட்டி பின்வாசலில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். கேட்டேன்.

“மகத்துல பொறந்த. ம, மி, மு, மெ-ன்னு ஐயர் எழுதிக் குடுத்தாரு. உங்கம்மா மீனாட்சின்னா. மி-ன்னா எனக்கு ஒரு பேருதான் தெரியும். அதையே வைடான்னு உங்கப்பன்கிட்ட சொன்னேன்.”

“அது எப்படிப் பாட்டி உங்களுக்குத் தெரியும்?”

“ஏர்பேஸ் வீட்டுல இருந்துச்சே, அந்தப் புள்ள.”

பாட்டி வெள்ளைக்கார வீட்டில் வேலை செய்தார் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் அதை ஒரு வரியாகச் சொல்வார்கள், அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன்.

பட்டர்வொர்த்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தளம் தெரியும். ஆங்கிலேயர்கள் கட்டியது. 1958இலிருந்து ஆஸ்திரேலிய விமானப்படையின் கையில் இருந்தது. 1988இல் மலேசியாவிடம் வந்தது. அந்த 30 வருடம் ஆஸ்திரேலியக் குடும்பங்கள் இங்கேயும் தீவிலும் வந்து வந்து போயின. இரண்டு மூன்று வருடம் இருப்பார்கள், பிறகு அடுத்த குடும்பம். அந்த வீடுகளில் சமைக்க, துவைக்க, பிள்ளை பார்க்க நம் பெண்களும் சீனப் பெண்களும் போனார்கள். ‘அமா’ என்று அந்த வேலைக்குப் பெயர். பாட்டி 70களின் தொடக்கத்தில் போயிருக்கிறார். காலையில் தெலுக் ஆயர் தாவார் பக்கம் சைக்கிளில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்.

“மேல பிளேன் போனா காது அடைச்சுரும். அந்தப் புள்ள ஓடியாந்து என் சீலைக்குள்ள பூந்துக்கும்.”

அந்த விமானத்தின் பெயரைப் பிறகு பார்த்தேன். மிராஜ். 60களின் இறுதியிலிருந்து பட்டர்வொர்த் வானத்தில் பறந்த ஆஸ்திரேலியப் போர் விமானம், பிரான்ஸின் டஸ்ஸோ கம்பெனி வடிவமைத்தது. பிரெஞ்சில் மிராஜ் என்றால் கானல் நீர். எங்கள் ஊருக்கு ஆஸ்திரேலியர் கையால் வந்து சேர்ந்த இரண்டு பிரெஞ்சுச் சொற்களும் ‘மி’யில்தான் தொடங்குகின்றன. ஒன்று மேலே பறந்தது. இன்னொன்று பாட்டியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டது.

அந்தப் பெண்குழந்தைக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதும் புதிர் இல்லை. 1965 டிசம்பரில் பீட்டில்ஸ் தங்கள் ‘ரப்பர் சோல்’ தொகுப்பில் ‘மிஷெல்’ என்று ஒரு பாட்டைப் போட்டார்கள். நடுவில் பிரெஞ்சு வரி வரும். அதற்குப் பால் மெக்கார்ட்னி நண்பர் ஒருவரின் மனைவியிடம் உதவி கேட்டார், அவர் பிரெஞ்சு ஆசிரியை. பாட்டு 1967இல் கிராமி வாங்கியது. பெயர் அதற்கு முன்பே ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. மிஷெல் ஒபாமா பிறந்தது பாட்டுக்கு முன்னால், 1964இல். பாட்டு அதை உச்சிக்குத் தள்ளியது. 60களின் இறுதியில் அமெரிக்காவில் பெண்பிள்ளைகளுக்கு அதிகம் வைத்த முதல் சில பெயர்களில் அதுவும் ஒன்று. ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். ஒரு வகுப்பில் இரண்டு மூன்று மிஷெல் இருந்த காலம். 70இல் பிறந்த ஓர் ஆஸ்திரேலியக் குழந்தைக்கு அந்தப் பெயர் நம் ஊரில் ‘லெட்சுமி’ மாதிரி. எங்கள் தெருவில்தான் அது ஒற்றை.

எழுத்துக்கூட்டின் மர்மமும் அங்கேயே விழுந்தது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் பெயரை அவர் காதால் மட்டுமே கேட்டிருக்கிறார். அப்பாவிடம் வாயால் சொன்னார். அப்பா காதில் விழுந்ததை அப்படியே எம், ஐ, எஸ், எச், இ, எல் என்று பாரத்தில் எழுதினார். எண்கணிதமும் இல்லை, அறியாமையும் இல்லை. ஒரு குழந்தையின் பெயரைப் பாட்டி எப்படிக் கேட்டாரோ அதன் சரியான பதிவு அது. 20 வருடமாக நான் வெட்கப்பட்டது அதற்காக.

ஆனால் இதையெல்லாம் அன்றைக்கு நான் இவ்வளவு அமைதியாக யோசிக்கவில்லை. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் துணி துவைத்துப் போட்ட வீட்டுப் பிள்ளையின் பெயர், உங்கள் பேத்திக்கா? அந்த அண்ணன் கேன்டீனில் கேட்டதைவிட இது மோசமில்லையா? கடவுள் பெயர் வைத்திருக்கலாம், தலைவர் பெயர் வைத்திருக்கலாம். எஜமானி மகளின் பெயரையா?

“வெள்ளக்காரப் பேரு வச்சா நானும் வெள்ளக்காரியா ஆயிடுவேன்னு நெனச்சீங்களா பாட்டி?”

கேட்டிருக்கக்கூடாது. பாட்டி கறிவேப்பிலைக் காம்பை ஒடித்துப் போட்டார். கோபப்படவில்லை.

“அந்தப் புள்ளைய நான் பேரச் சொல்லிக் கூப்ட்டதே இல்லடி. ‘மிஸ்ஸி, மிஸ்ஸி’ன்னுதான். அந்தம்மா பேரச் சொல்லியே கூப்புடச் சொன்னாங்க. தங்கமானவங்க. எனக்குத்தான் வாய் வரல. மொதலாளி வீட்டுப் புள்ள, எப்படிப் பேரச் சொல்றது? வீட்டுக்கு வந்து தனியா இருக்கப்ப சொல்லிப் பாப்பேன். மிச்சலு, மிச்சலுன்னு.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “நீ பொறந்தப்ப நெனச்சேன். இது என் வீட்டுப் புள்ள. இத நான் பேரச் சொல்லிக் கத்தலாம். எவனும் கேக்க முடியாது.”

சின்ன வயதில் இருட்டிய பிறகும் நான் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தால் பாட்டி வேலியோரம் நின்று கத்துவார். நாலு வீட்டுக்குக் கேட்கும். “மிச்சலூ! ஏ மிச்சலூ!” பசங்கள் முன்னால் எனக்கு மானம் போகும். மெதுவாகக் கூப்பிடுங்கள் பாட்டி என்று அழுதிருக்கிறேன். அவர் ஏன் மெதுவாகக் கூப்பிடவில்லை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

கடைசியாக ஒன்று கேட்டேன். “அந்தப் புள்ள உங்கள எப்படிக் கூப்புடும்?”

“அமான்னு.”

“பேரு?”

“எம் பேரு அதுக்குத் தெரியாது. அமாதான்.”

பாரம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கிழிக்கவில்லை, நிரப்பவும் இல்லை. தமிழ்ப்பெயர் வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நாளைக்கு எனக்கு ஒரு மகள் பிறந்தால் தமிழ்ப்பெயர்தான் வைப்பேன். நாம் குடியிருக்கும் ஊரே வில்லியம் ஜான் பட்டர்வொர்த் என்ற வெள்ளைக்கார கவர்னரின் பெயரைச் சுமக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை என்று வாதாடலாம். நானும் வாதாடியிருக்கிறேன். ஆனால் அது கெட்டிக்காரத்தனமான வாதம், அவ்வளவுதான். ஊருக்குப் பெயர் வைத்தவன் அதிகாரத்தில் இருந்தான். எனக்குப் பெயர் வைத்தவர் அதிகாரத்தின் சமையலறையில் இருந்தார். இரண்டும் ஒன்றல்ல. ஒரு பெயர் எந்த மொழி என்று மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

அம்மா இன்னமும் கோயிலில் மீனாட்சி என்றுதான் சொல்கிறார். அதையும் இப்போது நான் தடுப்பதில்லை. மருமகளாக வந்த வீட்டில் அவர் தோற்ற ஒரு வழக்கு அது. வருடத்துக்கு நாலைந்து தடவையாவது அம்மன் முன்னால் அவர் ஜெயிக்கட்டும்.

இதை எழுதத் தொடங்கியபோது பாட்டியின் பெயரை இதில் போட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். அந்த வீட்டில் அத்தனை வருடம் யாரும் சொல்லாத பெயர் ஓர் இடத்திலாவது அச்சில் இருக்கட்டும் என்று. அனுமதி கேட்டேன். பாட்டி யோசிக்கக்கூட இல்லை.

“எம் பேரு எதுக்கு அதுல? உம் பேரப் போடு. நான் வச்சது அதுதான்.”